பூக்கும்வரை வாய்தா

பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்த் தேங்கும் இடத்தில், துளசிக்கும் செப்டிக் டேங்க் மூடிக்கும் நடுவில், யாரும் கூப்பிடாமல் அது முளைத்திருந்தது. உத்தமபாளையத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் பெயர், தகப்பன் பெயர், விலாசம் கேட்கத் தோன்றும். அந்தச் செடியிடமும் கேட்டேன்.

படம் பிடித்தால் செடியின் பெயரைச் சொல்லும் ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது. முதலில் அது மிளகு என்றது. அடுத்த வாரம் அவரை இனம் என்றது. இன்னொரு நாள் என் கால் கட்டைவிரலும் சேர்ந்து படத்தில் விழுந்துவிட, இஞ்சி என்றது. என் விரலைப் பார்த்தவர்கள் யாரும் ஆப்பைக் குறை சொல்ல மாட்டார்கள்.

என் மனைவி குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கீழே இறங்கியதிலிருந்து, பிறந்த வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் ஈரத்துணியில் சுற்றி ஏதாவது ஒரு நாற்றைக் கொண்டுவருவாள். ஏலம், மிளகு, காப்பி. எல்லாம் ஐப்பசியில் தளிர்க்கும், சித்திரையில் கருகும். ஒவ்வொன்றும் கருகியபோது நான் சும்மா இருந்ததில்லை. "காப்பிக்குக் கருமாதி என்னைக்கு? சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும்ல?" என்பேன். முதலில் அவளும் சிரித்தாள். பிறகு எப்போதோ சிரிப்பதை நிறுத்தினாள். நாற்றுக் கொண்டுவருவதையும் நிறுத்தினாள். இரண்டும் ஒரே சமயத்தில் நின்றன என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

செடி கொடியானது. சுருள் நீட்டிச் சுவரைப் பிடித்தது. முழுசாக இருந்த இலை, வளர வளர மூன்று விரலாகப் பிரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவன் சுருளும் விரித்த இலையும் உள்ள கொடியைப் பார்த்தால் வேறென்ன நினைப்பான்? "திராட்சை!" என்று அறிவித்து, இரண்டு கல்லுக்கால் ஊன்றிக் கம்பியும் கட்டினேன்.

அவள் ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, எங்கூருல வேலியில படரும்ல, பேஷன் ஃப்ரூட்டு... அது மாதிரி இருக்குங்க. நான் தின்னுட்டு ஓடும் விதையுமா இங்கனதான் போட்டேன்."

"ஒங்க ஊருச் சாமானா? இந்த வெயில்லயா? சித்திரைக்குக் கருமாதி வச்சிருவோம்."

"பூ வரட்டும். அப்பத் தெரிஞ்சுபோகும்."

"சரி. பூக்கும்வரை வாய்தா" என்று நீதிபதி குரலில் சொன்னேன்.

அதற்குப்பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. ஆனால் காலையில் பாத்திரம் கழுவி முடித்ததும் கொடியடியில் நின்று, ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்ப்பாள். நான் வருவது தெரிந்தால் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் திரும்பிக்கொள்வாள். சித்திரை வந்தது. கொடி கருகவில்லை. அப்போதாவது நான் யோசித்திருக்கலாம்.

ஆடியில் என் மாமியாருக்குக் காய்ச்சல் என்று அவள் மேலே போனாள். அந்த வாரம் பார்த்து, சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் மாமன் மகன் வீட்டுக்கு வந்தான். கொடியைப் பார்த்ததும் அவன் கை ஊறியது. இலை மண்டிக் காயில்லாமல் நிற்கும் கொடி இந்த ஊர்க்காரர்கள் கண்ணுக்கு முடிவெட்டாத தலை. கவாத்து பண்ணி மொட்டையாக விட்டால்தான் புதுக் குருத்தும் கொத்தும் வரும். வண்டிப் பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்தான்.

"இந்தா பாரு, ஒத்தை ஒத்தையா மொட்டு இருக்கு. திராட்சைன்னா கொத்தால்ல வரணும்?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

"சத்துப் பத்தலை மாப்ள. கவாத்து அடிச்சு விட்டாச் சரியாயிரும். தங்கச்சி வர்றப்ப குருத்தோட நிக்கும் பாரு."

அவன் வெட்டினான். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் ஒட்ட வெட்டுய்யா, பாதிச் செரைச்ச மாதிரி இருக்கு" என்று மேற்பார்வை செய்தேன். நாலு குச்சி மிஞ்சியது.

அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் பையோடு நேரே கொல்லைக்குக் கால் கழுவப் போனாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். வாடிக் கிடந்த குப்பை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மொட்டைப் பொறுக்கி நகத்தால் பிளந்தாள். உள்ளே வெள்ளையும் ஊதாவுமாக நூல் நூலாய் மடிந்து கிடந்தது. இன்னும் ஒரு நாளோ இரண்டு நாளோ பொறுத்திருந்தால் விரிந்திருக்கும். திராட்சைக்கு இப்படியொரு பூ எந்தக் காலத்திலும் கிடையாது. அது சுருளிப்பட்டிக்காரனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"யாரு சொன்னா வெட்டச் சொல்லி?"

"அவன்தான், ஒங்க அண்ணன்..."

"அண்ணன் சொன்னாகளாக்கும்! பூக்குற வரைக்கும் வாய்தான்னு நீங்கதான சொன்னீக?"

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் இந்த வாய்க்குக் கவாத்து பண்ணினவர் யாருமில்லை. "நீ ஆஜராகலை. அதான் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு" என்றேன்.

நல்ல ஜோக்தான். கோர்ட் வாசலில் சொல்லியிருந்தால் ஒரு டீ கிடைத்திருக்கும். அவள் மொட்டைக் கீழே போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையல் மேடையில் பிறகு பார்த்தேன். நாலைந்து பழம், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய ஒரு கிளை. இலையும், விரிந்து வாடிய ஒரு பூவுமாக. நம் வீட்டுக் கொடியோடு வைத்துப் பார்க்க அவ்வளவு தூரம் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள்.

அந்தக் கிளையை நட்டேன், பிடிக்கவில்லை. நாலு குச்சிக்கும் காலை மாலை தண்ணீர் விட்டேன். திராட்சை மொட்டையைத் தாங்கும். இது தாங்கவில்லை. நுனியிலிருந்து பழுப்பேறி, ஒருநாள் தொட்டதும் முறிந்தது. மாமன் மகன் போனில் விசாரித்தான். "குருத்து விட்டிருச்சா மாப்ள?" நல்லா இருக்கு என்று வைத்துவிட்டேன். அவள் கொண்டுவந்த பழங்களை நான் மட்டும் தின்றேன். தண்ணீர் தேங்கும் இடத்தில் நின்றுதான் தின்றேன். விதையை எல்லாம் அங்கேயே துப்பினேன். முளைத்ததையெல்லாம் படம் பிடித்து ஆப்பிடம் கேட்டேன். குப்பைமேனி என்றது. கீழாநெல்லி என்றது. எல்லாம் சரியாகவே சொன்னது.

போன மாதம் மறுபடி மேலே போய்வந்தாள். பை கனத்தது. நான் ஓடிப்போய் வாங்கி, ஈரத்துணி இருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுத் துழாவினேன்.

"என்ன தேடுறீக? திராட்சைதான். கம்பத்துல எறங்கி வாங்கியாந்தேன். ஒங்களுக்குத்தான் அது புடிக்குமே."

திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். கேலியா என்று தெரியவில்லை. கேலியாக இருந்தால் தேவலை. ஒரு கொத்தைக் கழுவித் தட்டில் வைத்துக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லாமல் தின்றேன், விதையைக்கூடத் துப்பவில்லை.