புளித்தண்ணீரில் போட்ட முத்து

என்னிடம் நாற்பத்து மூன்று புரோச்சுகள் இருக்கின்றன. சேலை முந்தி நழுவாமல் தோளில் குத்திக்கொள்வோமே, அந்த அலங்கார ஊக்கு. எல்லாம் பழசு. மயில், மீன், திராட்சைக் குலை, ஒரு காது உடைந்த பூனை, கப்பல் நங்கூரம் இரண்டு. பழைய வெள்ளியை வாங்கி உருக்கும் கடைக்கார அண்ணாச்சி ஒருவர், புரோச் எது வந்தாலும் உருக்குவதற்கு முன் எனக்கு போன் போடுவார். "தாயி, ஒரு கிளி வந்திருக்கு. மூக்கு மட்டும் இல்ல, பரவால்லயா?" என்பார். அந்த மூக்கில்லாத கிளிக்காக நான் அரை நாள் லீவு போட்டிருக்கிறேன். "ஊக்குக் கடை வைக்கப் போறியா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆசைக்கு என்ன நியாயம் சொல்ல முடியும்?

ஒரு காலத்தில் ஆபீசுக்குத் தினம் ஒன்று குத்திக்கொண்டு போவேன். இப்போது ஒன்றையும் தொடுவதில்லை. காரணம், இந்த நாற்பத்து மூன்றிலும் சேராத ஒன்று.

துறைமுகம் போகிற சாலையில் ஒரு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை. கப்பலில் வரும் சரக்குக்கான காகிதங்களைத் தயார் செய்வது. அடுத்த மேசையில் அக்கா இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். என் புரோச்சை முதலில் பார்த்துவிட்டு அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார். "இன்னைக்கு பூனையா? நேத்து மீனு, இன்னைக்கு பூனை. நாளைக்கு என்னளா மிச்சம் இருக்கும்?" என்பார்.

அவருடைய அப்பா வாலிப வயதில் முத்துக் குளித்தவர். கடைசியாகக் குளித்த பருவத்தில் அவர் பங்குக்கு வந்த சிப்பி ஒன்றில் நல்ல முத்து ஒன்று கிடைத்ததாம். விற்கவில்லை. வெள்ளியில் பதித்து மனைவிக்கு ஒரு புரோச் செய்து கொடுத்தார். அந்த அம்மா பூசைக்குப் புறப்படும்போது அதை உதட்டில் ஒற்றிவிட்டுத்தான் தோளில் குத்துவார். அவருக்குப் பின் அக்காவும் அப்படியே. ஆனால் அக்கா குத்துவது வருஷத்தில் ஒரே நாள், மாதா கோயில் திருவிழா அன்று.

முதல்முறை எனக்குக் காட்டும்போதே சொல்லிவிட்டார். "நான் போறப்போ இத எனக்குக் குத்தி அனுப்பணும்னு மககிட்ட சொல்லி வச்சிருக்கேன். எங்கப்பா கடலுக்குள்ள போய் எடுத்தது. நான் அவர்ட்டயே கொண்டு குடுத்திருதேன்."

நான் அதைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. என் கண் முழுக்க முத்தின் மேல் இருந்தது. முத்துநகர் என்று பெயர் வாங்கிய ஊரில் பிறந்து வளர்ந்தும், நிஜ முத்தைக் கையில் பிடித்தது அன்றைக்குத்தான். என் நாற்பத்து மூன்றில் முத்து என்று இருப்பதெல்லாம் மெழுகு அடைத்த கண்ணாடி.

எட்டு வருஷத்துக்கு முன், திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அக்கா அதை ஒரு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். "ஏளா, கொக்கி லொடலொடன்னு ஆடுது. ஒன் கைக்குத்தான் இதெல்லாம் வரும். திருவிழாவுக்குள்ள பாத்துக் குடு."

அன்றைக்குச் சாயங்காலமே சரி செய்துவிட்டேன். சின்னக் குறடு ஒன்று போதும், பத்து நிமிஷ வேலை. மறுநாள் காலையில் கொடுத்திருக்க வேண்டும். "ஆசாரிட்ட குடுத்திருக்கேன்க்கா, ஒரு வாரம் ஆகும்" என்று சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று பல நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வாய் என்ன செய்யும், பாவம்? ஆசைப்பட்டது நான். மில்லர்புரத்தில் எங்கள் வீட்டுக் கண்ணாடி முன் நின்று தினமும் குத்திப் பார்த்தேன். ஒரு வாரம் இரண்டாச்சு, மூன்றாச்சு. அக்கா கேட்டால் ஆசாரிக்குக் காய்ச்சல் என்றேன்.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளையூரணியில் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அதற்கு இதைக் குத்திக்கொண்டு போவது என்று தீர்மானித்துவிட்டேன். வெள்ளி கறுத்திருந்தது. நாங்கள் பனங்காட்டுப் பக்கத்திலிருந்து வந்து பலசரக்குக் கடை வைத்துப் பிழைத்தவர்கள். வெள்ளிக்கு விபூதி என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் புளிதான். குத்துவிளக்கு, செம்பு, கடைத் தராசுத் தட்டு, புளி போட்டுத் தேய்க்காமல் விட்டது மனுஷரை மட்டும். புளிப்பு முத்தை அரித்துவிடும் என்று யோசிக்கவே இல்லை. ஒரு கிண்ணத்தில் புளியைக் கரைத்துப் புரோச்சை அதில் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, சமைத்து, ஒரு தூக்கமும் போட்டேன்.

சாயங்காலம் எடுத்தபோது வெள்ளி பளபளத்தது. முத்து வேகவைத்து ஆறிய ஜவ்வரிசி மாதிரி இருந்தது. துடைத்தேன். எண்ணெய் தடவினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இருந்த அந்த மினுக்கம் போயே போய்விட்டது. கடலுக்கடியில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு மனுஷர் எடுத்ததை நான் அரைக் கிண்ணம் புளித்தண்ணீரில் முடித்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. தலைவலி என்றேன். அதுவும் ஒரு பொய்.

அப்போதாவது அக்காவிடம் போய் நின்றிருக்கலாம். இரண்டு திட்டு திட்டியிருப்பார், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார். அதற்குப் பதிலாக நான் நிஜமாகவே ஓர் ஆசாரியைத் தேடிப் போனேன். அதே அளவில் ஒரு வளர்ப்பு முத்தை வாங்கி வைத்துத் தரச் சொன்னேன். வேலையை முடித்துக் கையில் கொடுக்கும்போது அவர், "பாத்தாத் தெரியாதும்மா. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்றார். பழைய முத்தை ஒரு காலித் தைல டப்பாவில் போட்டுப் பீரோவில் வைத்தேன்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன் புரோச்சைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா வழக்கம்போல உதட்டில் ஒற்றினார். ஒற்றியவர் ஒரு நொடி அப்படியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "கொக்கி நல்லா இறுகிட்டுளா" என்றார். கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்கப்புறம் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அவர் அந்தப் புரோச்சைக் குத்தினார். ஒவ்வொரு முறையும் இந்த வருஷம் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அக்கா ஓய்வு பெற்றார். போன வருஷம் படுத்துவிட்டார். சிறுநீரகம். அவர் போய்ச் சேரும்போது அப்பாவின் முத்து கூடப் போக வேண்டுமே என்ற பயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. தைல டப்பாவைப் பீரோவிலிருந்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். நான்கு தடவை போனேன். நான்கு தடவையும் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். ஆபீஸ் கதை, வெயில், யாருக்கு எங்கே பெண் பார்த்திருக்கிறார்கள் என்பதெல்லாம் பேசுவோம். கிளம்புகிற நேரத்தில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேற என்னளா விசேஷம்?" என்பார்.

"ஒண்ணுமில்லக்கா" என்று சொல்லிவிட்டு வருவேன்.

அவர் இறந்த அன்று வீட்டுக்குப் போனபோது கல்யாணச் சேலை உடுத்திப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். விரல்களில் ஜெபமாலை. வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மகள் கைக்குட்டையோடு என்னிடம் வந்தாள். "ஆன்ட்டி, ஊக்க நீங்கதான் குத்தணுமாம். வேற யார் கையிலயும் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாவ."

குத்தினேன். இரண்டு முறை தப்பியது. இத்தனை வருஷத்தில் நான் ஊக்கைத் தப்பவிட்டது அன்றுதான். பிறகு கைப்பையைத் திறந்து, யாரும் பார்க்காத மாதிரி டப்பாவிலிருந்து முத்தை எடுத்தேன். சேலை மடிப்புக்குள் தள்ளிவிடலாம் என்று குனிந்தபோது மகள் பக்கத்தில் நின்றாள்.

"தாத்தா முத்தா?" என்றாள்.

நான் எதுவும் சொல்லும் முன்பே கேட்டுவிட்டாள். தலையை ஆட்டினேன். நான்தான் கெடுத்தேன், புளியில் போட்டுவிட்டேன் என்று ஏதோ உளறினேன்.

"அம்மாவுக்குத் தெரியும் ஆன்ட்டி. தாத்தா முத்துல ஊசி முனை கணக்கா ஒரு குழி உண்டு. உதட்டுல ஒத்துனா தட்டும். நீங்க திருப்பிக் குடுத்த அன்னைக்கே தெரிஞ்சிட்டு."

"பின்ன ஏம்மா எங்கிட்ட கேக்கல?"

"நானும் அதத்தான் கேட்டேன். அவளே வந்து சொல்லுவா, சொல்லாம அவளால இருக்க முடியாதுன்னாவ. கடைசி வரைக்கும் அதேதான் சொன்னாவ."

அவள் குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. வேறு வேலை நிறைய இருந்தது அவளுக்கு. சற்று விலகி எனக்கு இடம் விட்டாள். நான் முத்தை முந்தி மடிப்புக்குள், அந்தப் பொய் முத்துக்குக் கீழே, வைத்தேன். விரலை எடுக்கும்போது அந்தக் குழி தட்டியது. எட்டு வருஷம் என்னிடம் இருந்த முத்து. அதில் ஒரு குழி இருப்பது எனக்குத் தெரியாது.

இப்போது என் முந்தியில் கடையில் அட்டையோடு விற்கிற சாதா ஊக்குதான். கிளி ஏதோ வந்திருக்கிறது என்று அண்ணாச்சி போன் செய்தார், வேண்டாம் என்றுவிட்டேன். முத்து போய்ச் சேர்ந்துவிட்டது என்று மனசைத் தேற்றப் பார்க்கிறேன். அப்போதெல்லாம் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு வேறு என்ன விசேஷம் என்று கேட்பது காதில் விழுகிறது. நான்கு தடவை கேட்டார். நான்கு தடவையும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.