டம்ளருக்குள் என் ஆராய்ச்சி

அவள் நன்றாகப் பேசுவாள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன், சிரித்துக்கொண்டே சொல்வேன். சொன்ன அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்காது.

நாங்கள் இருவரும் ஒரே ஆய்வகத்தில் நிலத்தடி நீரைப் பற்றி வேலை செய்கிறவர்கள். காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கடலோர ஊர்களில் கடல்நீர் எப்படி மண்ணுக்கடியில் உள்ளே ஏறி வருகிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆராய்ச்சி. அந்த ஊர்களில் ஒன்று நான் பிறந்த ஊர். அவளோ பொதட்டூர்பேட்டைக்காரி, கடலைச் சுற்றுலாவில் மட்டும் பார்த்தவள். எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். பேச்சுக்கு நடுவில் தன் அப்பாவை ‘எங்க நைனா’ என்பாள். அதற்கே ஆய்வகத்தில் அவளுக்கு ஒரு ரசிகர் கூட்டம்.

போன கோடையில் என் அண்ணன் எங்கள் ஊர் வீட்டில் ஆழ்துளைப் போர் போடுவதென்று முடிவு செய்தான். அவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனியில் ஷிப்டு வேலை. வீட்டுக் கைப்பம்பில் தண்ணீர் கரிக்க ஆரம்பித்திருந்தது. ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் வரும் என்று அவன் நம்பினான். வராது. எங்கள் ஊரில் மேலே கொஞ்சம் நல்ல நீர், அதற்கு அடியில் உப்பு நீர். ஆழத்தில் குழாயை இறக்கி மோட்டார் போட்டு இழுத்தால் உப்புதான் ஏறும். மிச்சமிருப்பதும் கெட்டுப்போகும், எங்களுக்கு மட்டுமல்ல, தெருவுக்கே.

போனில் சொன்னேன். நேரில் போயும் சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து வரைபடம் காட்டி, அடர்த்தி வேறுபாடு, கலப்பு மண்டலம் என்று விளக்கினேன். அவன் பொறுமையாகப் பார்த்தான்.

“படிச்சவ நீ சொல்றே, சரிம்மா. ஆனா பக்கத்து ஊட்ல போட்டுக்கிறாங்களே?”

“அவங்களுக்கும் உப்பாதாண்ணா ஆவும்.”

“இப்ப நல்லாத்தானே வந்துக்கினு கீது?” என்றான். போர் லாரிக்குச் சொல்லியும் விட்டான். கோடையில் லாரிக்கு ஏகக் கிராக்கி, எங்கள் முறை வர ஒரு மாசம் ஆகும்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு கருத்தரங்கு. முதலில் நான் பேசினேன். கேள்விகள் உண்டா என்று அமர்வுத் தலைவர் கேட்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. “நன்றி, அடுத்தவர்” என்றார். அடுத்தவர் அவள். ஊர்க்காரர்களிடம் கதை விடலாம், இங்கே சமன்பாடு கேட்பார்கள், மாட்டிக்கொள்வாள் என்று ஆசை ஆசையாகக் காத்திருந்தேன். அவள் ஒரே ஒரு படத்தைத் திரையில் போட்டுவிட்டு, இந்தக் கோடு ஏன் இந்த இடத்தில் வளைகிறது என்று சபையைப் பார்த்துக் கேட்டாள். நான் பேசியபோது முன்வரிசையில் போனைத் தடவிக்கொண்டிருந்த பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சமன்பாடு கேட்டார்கள், சொன்னாள். ஒரு கேள்விக்கு, “தெரியாது சார், அதைத்தான் அடுத்துப் பார்க்கப் போறேன்” என்றாள். அதற்கும் கைதட்டினார்கள். தெரியாது என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிற ஒருத்தியை என்னதான் செய்வது?

ஆராய்ச்சி முடிவுகளை ஊர்மக்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது எங்கள் திட்டத்தின் விதி. என் ஊரின் முறை வந்தபோது, “உன் ஊர், நீ சங்கடப்படுவே, அவ பேசட்டும்” என்றார் எங்கள் ஆய்வகத் தலைவர். எனக்கு என்ன சங்கடம் என்று அவர் விளக்கவில்லை.

மத்தியானம் எங்கள் வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு. அம்மா சாம்பார் ஊற்றிக்கொண்டே, “இந்தத் தண்ணில பருப்பே வேக மாட்டேங்குது கண்ணு. விசில் அடிச்சே குக்கர் தேஞ்சிபோச்சி” என்றாள். வருஷக்கணக்காக நான் கேட்டுச் சலித்த புலம்பல். அவள் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, எந்த மாசத்திலிருந்து, மழைக்கு அப்புறமும் அப்படித்தானா என்று கேட்டாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு ஊற்றாத நெய்யை அவளுக்கு ஊற்றினாள்.

சாயந்திரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம். நான் கடைசியில் நின்றேன்.

“யார் யார் ஊட்ல பருப்பு வேக மாட்டேங்குது?” என்றாள் எடுத்தவுடன்.

பெண்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். அது என் அம்மாவின் பருப்பு! ஒரு வேளை சாப்பாட்டில் அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிறகு ஓர் உயரமான கண்ணாடி டம்ளரை எடுத்தாள். பீட்ரூட் சாறு கலந்த உப்புத் தண்ணீர் பாதிவரை இருந்தது. அதன் மேல் கரண்டியைச் சாய்த்துப் பிடித்து நல்ல தண்ணீரை மெதுவாக விட்டாள். கீழே சிவப்பு, மேலே வெள்ளை, கலக்காமல் நின்றது. இளநீர்க் கடை ஸ்ட்ரா இரண்டை வாங்கி வைத்திருந்தாள். “யாராவது முன்னாடி வாங்க” என்றதும் போய் நின்றது யார்? என் அண்ணன். மேலாக வைத்த ஸ்ட்ராவில் உறிஞ்சினான், தலையாட்டினான். அடிவரை இறக்கிய ஸ்ட்ராவில் உறிஞ்சினான், முகம் கோணிக்கொண்டு துப்பினான். ஊரே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், அதுதான் இன்னும் ஆத்திரம்.

அன்றைக்கே அண்ணன் லாரிக்காரனுக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டான். தெருவின் தண்ணீர் தப்பித்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தால், அண்ணன் அடுப்படியில் ஒரு டம்ளரும் கரண்டியுமாக நின்றான்.

“வாம்மா, இங்க பாரு. கீழ கீறது உப்பு, மேல கீறது நல்ல தண்ணி. உப்பு வெயிட்டு, அதான் கீழ நிக்குது. நாம ஆழமா இழுத்தா இன்னா ஆவும் சொல்லு?”

என் முனைவர் பட்டத்தின் மூன்றாவது அத்தியாயத்தை என் அண்ணன் எனக்கே விளக்கினான். ஒரு தப்பும் இல்லை.

முடித்துவிட்டு டம்ளரை என் கையில் கொடுத்தான். நிஜமான வருத்தத்தோடு கேட்டான்.

“இவ்ளோ நாளா அங்கதானே வேல செய்யறே. இத்த நீ மின்னாடியே சொல்லிருக்கக் கூடாதா?”