நிறுத்தினால் கிளம்பாத வண்டி

எங்கள் டிராக்டர் காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிடும். ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால்தான் தகராறு. முழுசாக ஆறும்வரை என்ன செய்தாலும் கிளம்பாது. அப்பா இதற்குக் கண்டுபிடித்த வைத்தியம், நிறுத்தாமலே இருப்பது. அவர் டீ குடிக்கும்போதும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் வண்டி பக்கத்தில் தடதடத்துக்கொண்டே இருக்கும். நிறுத்தியே ஆகவேண்டுமென்றால் ஏரிக்கரைச் சரிவில் நிறுத்துவார், உருட்டிக் கிளப்பலாமென்று. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் யாரும் இதைக் கோளாறாக நினைக்கவில்லை. அப்பாவின் சாமர்த்தியமாகவே நினைத்தார்கள். நானும் அப்படித்தான்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், வைக்கோல் பாரத்தின் மேலிருந்து விழுந்து அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். ஆள் பிடிக்காமல் ஒருக்களிக்கக்கூட முடியாது. அந்த நேரம் பார்த்து ஆடி மழை நன்றாகப் பெய்தது. ஈரம் காய்வதற்குள் மானாவாரிக் கொல்லையை உழுது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைத்தாக வேண்டும். விட்டால் அந்தப் பட்டமே போய்விடும்.

வாடகை வண்டி பிடித்துக்கொண்டு இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் பெரியப்பா. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அதே மழைதான் பெய்திருந்தது. வாடகை வண்டி எங்கள் முறைக்கு வருவதற்குள் மண் இறுகிவிடும்.

"நானே ஓட்டறேன் மாமா," என்று பெரியப்பாவிடம் சொன்னாள் அம்மா.

வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்துகிற அளவுக்கு அம்மாவுக்கு ஓட்டத் தெரியும். வீட்டுக்குள் எல்லோரும் அறிந்த, வெளியே யாரும் பேசாத விஷயம் அது. பெரியப்பா கட்டிலைப் பார்த்தார். அப்பா ஒன்றே ஒன்று சொன்னார்: "நடுவுல நிறுத்திடாத."

அதுதான் அம்மாவால் முடியாததாக இருந்தது. மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்து அப்பாவுக்குச் சோறு கொடுத்து, உடம்பு துடைத்து, புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடுகிற தெருவில் ஓடுகிற வண்டியை விட்டுவிட்டு உள்ளே வர முடியாது. முதல் நாள் சுவரோரம் நிறுத்திவிட்டு வந்தாள். திரும்பப் போய்ச் சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, சுற்றுகிறது, பிடிக்கவில்லை. வெயில் தாழ்ந்த பிறகுதான் கிளம்பியது. அரை நாள் உழவு போயிற்று. மறுநாளும் அதே கதை.

பேட்டரிதான் காரணம் என்றார் பெரியப்பா. அம்மா சாவியைத் திருப்பி எஞ்சினுக்குக் காதைக் கொடுத்துக் கேட்டாள். "காலையில எப்படி சுத்துச்சோ அப்படியேதான் சுத்துது. பேட்டரி இல்ல."

டீசல் குழாயில் காற்று புகுந்திருக்கும் என்றார் வந்து பார்த்த மெக்கானிக். அப்பா கட்டிலிலிருந்து வழி சொல்ல, அம்மா வடிகட்டியின் மேலிருந்த திருகைத் தளர்த்திப் பார்த்தாள். குமிழி இல்லாமல் டீசல் வழிந்தது. ஆனால் இன்னொன்றையும் அவள் கவனித்திருந்தாள். சாவி போடும்போது புகைக்குழாயில் புகையே வரவில்லை. "டீசல் உள்ள போனா கொஞ்சமாவது புகை வரணும் இல்ல? நடுவுல எங்கயோ நின்னுடுது, உள்ள போய்ச் சேரல," என்றாள்.

அன்று சாயங்காலம் ஒரு தூறல் போட்டது. எஞ்சின் மேல்மூடி திறந்தே கிடந்தது. நனைந்த வண்டியை ஓரங்கட்டலாமென்று அம்மா சாவியைத் திருப்ப, சூடு ஆறாமலே கிளம்பிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் சாமி புண்ணியம் என்று விட்டிருப்பார்கள். அம்மா ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் வண்டியை நிறுத்தியதும் கோணிச் சாக்கை நனைத்து வடிகட்டி மேல் போட்டாள். கிளம்பவில்லை. சாக்கை எடுத்து, எஞ்சின் பக்கவாட்டில் இருந்த டீசல் பம்ப் மேல் சுற்றி, செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டாள். கொஞ்ச நேரம் பொறுத்துச் சாவியைத் திருப்பினாள். கரும்புகையைத் துப்பிக்கொண்டு கிளம்பியது. அவள் சிரிக்கக்கூட இல்லை. "பம்ப்தான்," என்று சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள். அந்த ஈரச் சாக்கை வைத்தே எங்கள் கொல்லை முழுக்க உழுது, மல்லாட்டையும் விதைத்து முடித்தாள்.

பிறகு மெக்கானிக்கைக் கொண்டு பம்பைக் கழற்றி, மடியில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினாள். பௌர்ணமிக் கூட்டம். பக்கத்தில் இருந்தவர்கள் டீசல் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தினார்களாம். பம்ப் வேலை செய்கிற பாய் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே தேய்ந்துபோயிருப்பதைக் காட்டினார். "சூட்டுல டீசல் தண்ணியா ஆயிடும்மா. தேஞ்ச சந்துலயே கசிஞ்சிடுது, அழுத்தம் கம்மி. இத்தனை வருஷம் எப்படி ஓட்டுனீங்க?" என்றாராம். அம்மா, எப்போது கிடைக்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தாள்.

பம்பை மாட்டிய மறுநாள் மத்தியானம், எரு அடிக்கிற வேலைக்கு நடுவில், அம்மா வழக்கம்போல் வண்டியைச் சுவரோரம் நிறுத்தினாள். அப்பாவுக்கான வேலைகளை முடித்தாள். சாக்கைத் தொடாமல் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. வண்டி கிளம்பித் தெருமுனை தாண்டிப் போயிற்று.

நான் உள்ளே ஓடினேன். "அப்பா, சூட்டுலயே கிளம்பிடுச்சு. தண்ணி கூட ஊத்தல."

"கேட்டுச்சு," என்றார். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. அவர் வண்டி அது. வருஷக்கணக்காக நிறுத்தாமலே ஓட்டிய வண்டி. துள்ளிக் குதிக்காவிட்டாலும் பம்பைப் பற்றி இரண்டு கேள்வியாவது கேட்பார் என்று கட்டிலோரம் நின்றேன்.

முகத்தைத் திருப்பாமலே, "உங்கம்மா சாப்பிட்டாளா?" என்றார்.

அதுவரை அவர் அம்மாவைப் பற்றி அப்படி விசாரித்து நான் கேட்டதில்லை. நான் எஞ்சினைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, இவர் ஏன் சோற்றைப் பற்றிக் கேட்கிறார் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு, வண்டி போன திக்கைப் பார்க்க வாசலுக்கு ஓடிவிட்டேன்.