மோட்டார் நின்றிருந்தது: கம்மாபுரம் பக்கம் நீர்மட்டம் அளக்கப் போன கதை

இந்தப் பயணத்தில் நடந்தவற்றை எல்லாம் உள்ளபடியே எழுதப்போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தவறும் இதில் வரும். அதை விட்டுவிட்டால் நேரமும் தூரமும் மட்டும்தான் மிஞ்சும்.

நான் விருத்தாசலத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அப்பாவுக்குப் பீங்கான் பொம்மைச் சூளையில் வேலை. அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து, பூமிக்கு அடியில் தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக நகர்கிறது என்று கணினியில் ஒரு மாதிரி உருவாக்குகிறார். காலாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அளக்க ஒருவர், குறிக்க ஒருவர் வேண்டும். குறிக்கும் வேலை எனக்கு.

சனிக்கிழமை காலை 6.10க்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழியில் இரண்டு டீ, 24 ரூபாய். 13.4 கிலோமீட்டரில் கம்மாபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்று. நான்கு கிணறுகளை அளந்து முடிக்கும்போது மணி 9.20. ஐந்தாவது, அந்த ஊரில் விவசாயம் செய்யும் அமலோற்பவம் அத்தையின் ஆழ்துளைக் கிணறு. சித்தி சாலையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்ததால் நான் மட்டும் வரப்பில் முன்னால் நடந்தேன். என்னைப் பார்த்ததும் அத்தை ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினார்.

"இது ஓடனா ஒரு வார்த்த பேச முடியாது பாப்பா. வா, தண்ணி குடி."

ஐந்து நிமிடம் கழித்து வந்த சித்தி கேட்டார்: "மோட்டார் ஓடலயே?"

"ஓடல சித்தி" என்றேன். அந்த நிமிடத்தில் அது உண்மைதான்.

நீர்மட்டம் அளக்கும் நாடாவைக் குழாய்க்குள் இறக்கினார். தண்ணீரைத் தொட்டதும் அது கீச்சென்று கத்தும். 71 அடியில் கத்தியது. அத்தையின் முகம் வாடிவிட்டது. அவருக்கு ஒரே கேள்விதான். இந்தக் கிணற்றை நம்பி நெல் நடலாமா, அல்லது இரண்டு பசுவையும் விற்றுப் புதிதாக ஆழமாகப் போர் போட வேண்டுமா? "ஒங்க கம்ப்யூட்டரு சொல்றத கேட்டுக்கிட்டு செய்யறேம்மா" என்றார்.

கணினி மாதிரி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்காக: நிலம் முழுவதையும் கோலப்புள்ளிகளுக்கு நடுவே உள்ள கட்டங்கள் போலப் பிரித்துவிடுகிறார்கள். கீழேயும் மணல், களிமண், மணல் என்று அடுக்கடுக்காகக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்தின் நீர்மட்டத்தைப் பார்த்து, உயரமான பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்குத் தண்ணீரை அனுப்பும். மணலில் வேகமாக, களிமண்ணில் மிக மெதுவாக. கணக்கு முடிந்ததும் அளந்த மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்து ஓட்டிப் பார்த்தபோது நான்கு கிணறுகள் ஒத்துப்போயின. அத்தையின் கிணற்றுக்கு மட்டும் கணினி 54 அடி என்றது, என் நோட்டு 71 என்றது. நேரில் அளந்ததைத்தானே நம்ப வேண்டும்? அந்த இடத்தில் தண்ணீரை வரவிடாமல் தடுக்கும், நமக்குத் தெரியாத களிமண் இருக்கலாம் என்று சித்தி அடுக்கைத் தடிமனாக்கினார். போதவில்லை. இன்னும் தடிமனாக்கினார். திங்கட்கிழமை மாலை எல்லாம் பொருந்திவிட்டது. ஆனால் அந்தப் படத்தில் அத்தையின் கிணறு வரும் கோடையைத் தாண்டவில்லை.

அப்போது அத்தையே போன் செய்தார். "போர் வண்டி புதன்கெழம வருது. மாட்டு வியாபாரி வூட்டு வாசல்ல நிக்கறாரு. ஓட்டிவுட்டுடட்டா?"

மாடு என்றதும் எனக்கு அந்த வயல், அத்தை ஓடியது, குழாயில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் எல்லாம் ஞாபகம் வந்தது. நோட்டில் மோட்டார் நின்ற நேரம் எழுத இடமில்லை, அதனால் எழுதவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது.

"சித்தி, நாம போனப்பதான் நிறுத்தனாங்க."

மோட்டார் ஓடும்போது இறங்கும் நீர்மட்டம், அது நின்று பல மணி நேரம் கழித்துத்தான் முழுதாக ஏறும்; நாங்கள் அளந்தது இறங்கிய மட்டத்தை. சித்தி போனில், "அக்கா, மாட்ட விக்காதீங்க. வண்டிய ரெண்டு நாள் தள்ளிப் போடுங்க. இப்பவே மோட்டார நிறுத்திடுங்க" என்றார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, மூணு நாளா இல்லாத களிமண்ண பூமிக்குள்ள பூசிக்கிட்டு இருந்திருக்கேன்! ஒங்கப்பாகூட அவ்ளோ பூசியிருக்க மாட்டாரு."

செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டர் பஞ்சர். 6.30 டவுன் பஸ்ஸில் போனோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் செலவு பூஜ்யம். 7.40க்கு அளந்தால் 63 அடி. இரவெல்லாம் ஓய்ந்திருந்தும் ஏன் முழுதாக ஏறவில்லை? வரப்புக்கு அந்தப் பக்கம் பழனி மாமாவின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கிணறுகளும் குடிப்பது ஒரே மணல் அடுக்கிலிருந்து.

"அந்தாளுகிட்ட பேசி ஒரு வருசம் ஆவுது. வரப்புத் தகராறு" என்றார் அத்தை. ஆக, நான் போனேன். மோட்டார் கொட்டகையில் மெயின் சுவிட்ச் போட்டிருந்ததால், மும்முனை மின்சாரத்தைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"மாமா, இன்னிக்கு மட்டும் மோட்டாருக்கு லீவு வுடுங்க."

"ஏன், அதுவும் காலாண்டு பரீச்ச எழுதிச்சா? அந்தம்மா அனுப்பிச்சா ஒன்ன?"

"இல்ல மாமா. நான் தப்பா எழுதிட்டேன். அதால அவங்க மாட்ட விக்கப் பாத்தாங்க."

மாமா 8.15க்கு மோட்டாரை நிறுத்தினார்.

அதற்குப் பிறகு செய்ய எதுவும் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்தோம். 9.15க்கு 60. 11.15க்கு 57. 2.15க்கு 55. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கிணறு மூச்சு வாங்கி எழுவதை அன்றுதான் பார்த்தேன். 4.15க்கு ஐம்பத்து நாலரை.

சித்தி பூசிய களிமண்ணை எல்லாம் நீக்கி, அங்கேயே மடிக்கணினியில் ஓட்டிக் காட்டினார். இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடினால் திரையில் கிணறுகளைச் சுற்றி நீர்மட்டத்தில் விழும் இரண்டு பள்ளங்களும் கலந்து ஒரே பெரிய பள்ளமாயின. ஒருநாள் இது, மறுநாள் அது என்று மாறி மாறி ஓடினால் கோடையிலும் தண்ணீர் நின்றது. "இது கணிப்புதான், சத்தியம் இல்ல" என்றார் சித்தி. மாமா வரப்பில் நின்றபடியே பார்த்தார். "நல்லாத்தான் படம் காட்டறீங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதுபோல அளக்கப் போகும் மாணவர்களுக்கு: மோட்டார் ஓடுகிறதா என்று கேட்காதீர்கள். எப்போது நின்றது என்று கேளுங்கள், பக்கத்து வயலிலும் கேளுங்கள். தொப்பியும் சாப்பாடும் கொண்டுபோங்கள். தண்ணீர் வேண்டாம், கட்டாயம் கொடுப்பார்கள். அதற்காக மோட்டாரை நிறுத்தினாலோ போட்டாலோ அதையும் நேரத்தோடு எழுதுங்கள். உண்மையைச் சொல்வதும், கேட்ட கேள்விக்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்வதும் ஒன்றல்ல என்று நான் இப்போது நினைக்கிறேன்.

சனிக்கிழமை மறுபடி போனோம். போர் வண்டியை அத்தை வேண்டாமென்று சொல்லியிருந்தார். பசுக்கள் இரண்டும் வைக்கோல் தின்றுகொண்டிருந்தன. அன்று அத்தையின் முறையாக இருக்க வேண்டிய நாள். மாமா அதற்கு ஒப்புக்கொண்டதாக யாரும் சொல்லவில்லை. காலை 8.05க்கு அத்தையின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நான் வரப்பில் ஏறி அந்தப் பக்கத்துக் கொட்டகையைப் பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், நீலம், மூன்று விளக்குகளும் அணைக்கப்பட்டிருந்தன.