சுவர்ணாவின் வலது காது

என் சக்களத்தி ஒரு காண்டாமிருகம். பெயர் சுவர்ணா. கலியாணம் முடித்து லண்டன் நோர்பரிக்கு வந்த அன்றே அவளைச் சுவரில் பார்த்துவிட்டேன். சாமிப் படத்துக்குப் பக்கத்தில், காதுகள் இரண்டையும் நிமிர்த்திக்கொண்டு நேரே என்னைப் பார்த்தாள். எங்கள் கலியாணப் படத்தை எங்கே மாட்டுவது என்று கேட்டதற்கு என் மனுசன் வாமதேவன் குளியலறைப் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவர் லண்டனுக்கென்று வெளிக்கிட்டவர். ஏஜென்சிக்காரன் நைரோபியில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். வாகனம் திருத்தத் தெரியும் என்று சொல்லி ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். தொண்ணூற்றேழில் கொம்புக்காக ஒரு காண்டாமிருகத்தைச் சுட்டுவிட்டார்கள். அதன் கன்று தப்பியது. யார் போத்தலை நீட்டினாலும் வாயை மூடிக்கொண்ட கன்று, கிறீஸ் நாற்றமடித்த இவருடைய கையில் மட்டும் குடித்ததாம். அதன்பிறகு ஜீப் திருத்தியது யாரென்று தெரியாது. மூன்று மணிக்கொருதரம் பால், குளிருக்குப் போர்வை. சேற்றில் புரளப் பழக்குவதற்கு இவரே முதலில் புரண்டு காட்டினாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். எங்கள் கலியாணத்தைப் பற்றிக்கூட மனுசன் அப்படிப் பேசியதில்லை.

இரண்டு வயதானதும் அவளைக் காட்டில் விட்டார்கள். விடுவதற்கு முன் மயக்க ஊசி போட்டு, காதோரத்தில் ஒரு சின்ன வெட்டு வெட்டுவார்கள். எந்தக் காதில், எந்த இடத்தில் என்பதுதான் அந்த மிருகத்தின் அடையாளம். மருத்துவர் கத்தியை இவரிடமே கொடுத்தார். வெட்டி முடித்து, "இடது காது" என்றார் இவர். பதிவேட்டிலும் அப்படியே எழுதினார்கள். பத்தாம் நாள் லண்டன் பயணம் சரிவந்தது. அவளை அங்கே விட்டுவிட்டு விமானம் ஏறினார்.

குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்று நின்று விசா எடுத்து, பஸ் கராஜில் வேலையும் எடுத்து, என்னையும் கூப்பிட்ட பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. இடது காது வெட்டிய சுவர்ணாவை ஒருவரும் காணவில்லை, பல வருடம் கண்ணில் படாததை இறந்ததாகவே பதிவது வழக்கம் என்று எழுதியிருந்தார்கள்.

"நான் விட்டிட்டு வந்திருக்கக் கூடாது நகுலேஸ். என்னைத் தேடித் தேடியே செத்திருப்பாள்" என்று என்னிடம் சொன்னார்.

அன்றிலிருந்து வருடா வருடம் ஆர்ச்வே முருகன் கோயிலில் அவளுக்கு மோட்ச அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டபோது, கார்த்திகை என்று ஒரே போடாகப் போட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று மனதுக்குள் எத்தனையோ தரம் எரிந்திருக்கிறேன்.

போன சித்திரையில் காப்பகத்திலிருந்து ஒரு செய்திமடல் ஈமெயிலில் வந்தது. வயதான பெண் காண்டாமிருகம் ஒன்று, ஒரு கன்றோடு. வலது காதில் வெட்டு. பதிவேட்டில் இப்படி ஒன்று இல்லை, அயல் காட்டிலிருந்து வந்திருக்கலாம் என்று எழுதியிருந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"மூஞ்சை அவளின்ரை மாதிரிக் கிடக்கு. ஆனா அவளுக்கு இடது காதெல்லோ" என்று சொல்லி போனைக் கவிழ்த்து வைத்தார். மத்தியானம் சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துபோய்ச் சுவர்ப் படத்துக்கு எதிரே நின்றேன். அவளைக் காட்டில் விட்ட அன்று எடுத்த படம். என் இடக்கைப் பக்கமிருந்த காதில் வெட்டு ஆறியும் ஆறாமலும் தெரிந்தது. பதினெட்டு வருடமாக ஆட்களை எதிரே இருத்திப் புருவம் திருத்துகிறவள் நான். இருபது வருடம் தூசி தட்டிய படத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன்.

"இஞ்சருங்கோ, வெட்டேக்கை எங்கை நிண்டனீங்கள்?"

"முன்னுக்குத்தான். தலையைப் பிடிச்சுக்கொண்டு."

"அப்ப அது உங்கடை இடப்பக்கம். அவளுக்கு வலது காது."

அவர் வந்து படத்துக்கு முன் நின்றார். தன் இடது காதைத் தொட்டார். பிறகு முதுகைத் திருப்பி, அவள் நிற்கிற மாதிரியே நின்று, வெட்டு இருந்த பக்கத்துக் காதைத் தொட்டார்; அது வலது. அப்படியே சோபாவில் இருந்துவிட்டார்.

பிழை தன்னுடையது என்று அன்றே எழுதி, படத்தையும் அனுப்பினார். ஒரு கிழமை அவரும் உறங்கவில்லை, என்னையும் உறங்கவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் வேறுபடும் மூக்குச் சுருக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், அவளேதான் என்று பதில் வந்தது. அறுபத்தொரு வயது மனுசன் விம்மி விம்மி அழுதார்.

"நான் விட்டிட்டு வந்தும் அவள் சாகேல்லை நகுலேஸ்."

வெள்ளிக்கிழமை ஆர்ச்வேக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"சுவர்ணா, கார்த்திகை. மோட்ச அர்ச்சனைதானே?"

இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"இல்லை ஐயா, சாதா அர்ச்சனை. எங்கடை பிள்ளை உயிரோடை இருக்கிறாள்."