மேம்பாலத்தடியில் ஒரு டயர் சந்தேகம்

மலேசியாவில், கிள்ளான் போகும் மோட்டார் சைக்கிள் பாதையில் மழை பிடித்துக்கொள்கிறது. வாடகைக்கு எடுத்த மோட்டார் சைக்கிளை மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்துகிறேன். ஏற்கெனவே ஒரு கூட்டம் ஒதுங்கி நிற்கிறது. பாதிப் பேர் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருக்கிறார்கள், ஜிப் முதுகுப் பக்கம். எதிர்க்காற்றுக்கு அதுதான் தோதாம்.

பக்கத்தில் நிற்கும் அக்கா ஆஸ்பத்திரியில் தாதி. அடுத்த மாதம் இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்கிறார். அங்கே முதல் பஸ் வருவதற்கு முன்பே டூட்டி தொடங்கிவிடும் என்பதால் அங்கேயும் மோட்டார் சைக்கிள் வாங்கப்போகிறார். நான் மணாலிக் குளிரில் வண்டி ஓட்டியவன் என்று தெரிந்ததும் நெருங்கி வருகிறார்.

“குளிர்ல டயர் பிடிக்குமா தம்பி?”

“ரப்பர் இறுகிடும்க்கா. சூடேறுற வரைக்கும் மெதுவாத்தான் போகணும்.”

“அதுக்கென்ன, காத்தைக் கொஞ்சம் இறக்கிட்டா பிடிக்கும் லா. மழைக்கு நான் அப்படித்தானே செய்றேன்.”

“குளிர்ல காத்து தானாவே குறையும்க்கா. நீங்களும் இறக்கினா வளைவுல வண்டி ஆடும். ரோட்டுல கண்ணுக்குத் தெரியாம ஐஸ் வேற படிஞ்சிருக்கும். அதுல எந்த டயரும் நிக்காது.”

“அலாமாக்! வேலைக்குப் போறேனா, விழப்போறேனா?”

சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். அக்கா சிரிக்கவில்லை.

மழை விடுகிறது. ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். அக்காவும் வண்டியைக் கிளப்புகிறார், உடனே அணைக்கிறார்.

“அப்ப அங்க நடந்துதான் போகணும் போல. ஆனா கால்ல போடுற சப்பாத்துக்கு அடியிலயும் ரப்பர்தானே தம்பி?”