பொய்ப் பசிக்கு ஒரு களி உருண்டை

ஐம்பதுகளின் கடைசியில் நடந்தது இது. பெங்களூரில் ஒக்கலிபுரம் பக்கம் ஒரு இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை பார்த்தேன். என் படிப்பு மூன்றாங்கிளாஸ். அதையும் முடித்தேன் என்று சொன்னால் வாத்தியார் சண்டைக்கு வருவார். ஆனால் வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை. நாலு பேரைச் சிரிக்க வைக்காமல் எனக்குப் பொழுது போகாது.

உலையிலிருந்து உருகிய இரும்பை வாளியில் பிடிப்போம். வாளிக்கு இரண்டு பக்கமும் நீளமான கம்பி. ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கிப் போய் மணல் அச்சில் ஊற்ற வேண்டும். என் ஜோடி மாகடிப் பக்கத்துக் கன்னடக்காரன். என் வயசுதான், அதிகம் பேசமாட்டான். ஆனால் தினமும் மதியம் டப்பாவைத் திறக்குமுன் என்னைப் பார்த்துக் கேட்பான்.

"ஊட்டா ஆய்த்தாண்ணா?"

சாப்பிட்டாயா என்று கேட்கிறான். நம் ஊரிலும் கேட்கிறோமே, வாய் மரியாதைக்கு, அதே மாதிரிதான் என்று நினைத்தேன். என் சோற்றை நான் பத்து மணிக்கே கரிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து காலி பண்ணியிருப்பேன். இருந்தாலும் முகத்தைத் தொங்கப்போட்டு, "எங்கேப்பா! வீட்ல இன்னிக்கு அடுப்பே பத்தலை" என்பேன். அவன் உடனே களி உருண்டையைப் பாதியாகப் பிட்டு என் கையில் வைப்பான். அவன் திரும்பினதும் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பேன். பட்டறையே சிரிக்கும். மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு நாள் நல்ல மழை. கூரை ஒழுகித் தரையெல்லாம் ஈரம். அவன் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். அன்றைக்கும் கேட்டான், நானும் அதே பாட்டைப் பாடினேன். டப்பாவில் சின்னதாக ஒரே ஒரு உருண்டை. அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

"உனக்கு?"

"நான் மனேலயே தின்னுட்டு வந்தேன். நீ தின்னண்ணா."

தின்றேன். ஏப்பம்கூட விட்டேன்.

சாயந்திரம் வாளியைத் தூக்கினோம். பாதி தூரம் போயிருப்போம், கம்பி நடுங்குகிறது. எதிரே பார்த்தால் அவன் முகம் சாம்பலாக இருக்கிறது, உதடு வெளுத்துவிட்டது.

"என்னப்பா?"

"தலை சுத்துதுண்ணா. கை நிக்கலை."

"காலையில என்ன தின்னே?"

"ஏனும் இல்லா. நேத்து ராத்திரிகூட இல்லா."

அவனுடைய ஒரே உருண்டை என் வயிற்றில் இருந்தது. காலடியில் தண்ணீர். உருகிய இரும்பு அதில் ஒரு கரண்டி கொட்டினாலும் வெடித்துச் சிதறும், இரண்டு பேரும் மிஞ்சமாட்டோம். காய்ந்த மணல் எட்டு அடி தூரத்தில் இருந்தது. வாளிக்குக் கிட்டே போனால் பாரம் என் பக்கம் கூடும், அவனுக்குக் குறையும். கையைக் கம்பியில் நகர்த்தி நகர்த்தி வாளியை ஒட்டிப் போனேன். முழங்கைத் தோல் வெந்தது, மயிர் பொசுங்கும் வாசனை எனக்கே வந்தது. எப்போதும் துள்ளுகிற என் வாயில் ஒரு வார்த்தைதான் மிச்சம் இருந்தது. "வா... வா... வா..." என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நடந்தேன். அவனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். மணலில் வாளி உட்கார்ந்ததும் அவனும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மேஸ்திரி ஓடி வந்தார். "க்யா ரே! ஒரு வாளி மால் ஊத்தாம இறுகிப் போச்சே! யாருடா ஜவாப் சொல்றது?"

"என் தப்பு சாமி" என்றான் அவன்.

"நிக்கத் தெம்பில்லாதவன் எதுக்குடா வர்றே? நாளையிலேர்ந்து வராதே, போ!"

அவன் குனிந்து டப்பாவை எடுத்தான். பிள்ளை பிறக்கிற நேரம், வேலை போனால் அவன் எங்கே போவான்? என்னோடு தினமும் சிரித்தவர்கள் சுற்றி நிற்கிறார்கள், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன். பத்து மணிச் சோறு, அடுப்புக் கதை, கண்ணடித்தது எல்லாவற்றையும் மேஸ்திரியிடம் கொட்டினேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"தமாஷாண்ணா?"

இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை.

"உனக்கில்லாம ஏன்யா எனக்குக் குடுத்தே?" என்று கேட்டேன்.

"கேட்டது நான்தானே? நீ இல்லேன்னு சொன்ன பின்னாடி நான் எப்படித் திங்கறது? எங்க ஊர் கடே, எங்க பக்கம், அப்படி ஆகாதுண்ணா."

மேஸ்திரி என்னைக் கரி அள்ளப் போட்டார். அவனை வைத்துக்கொண்டார். ஒரு வாரம் அவன் என் பக்கம் திரும்பவில்லை. எட்டாம் நாள் மதியம் கரிக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து தன் டப்பாவைத் திறந்தான். எதுவும் கேட்கவில்லை. நானும் எனக்குத் தெரிந்த ஒரு தமாஷைக்கூடச் சொல்லவில்லை. இரண்டு பேரும் அவரவர் சோற்றைத் தின்றோம்.

கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. யாரோடு சேர்ந்து எதைத் தூக்கினாலும், அது வெறும் பீரோவாக இருந்தாலும், எதிர்முனையில் நிற்கிற ஆளின் முகத்தை ஒரு தரம் பார்க்காமல் எனக்குக் கால் எழுவதில்லை.